சுவருக்கு ஒரு குண்டு

என் பக்கத்து இருக்கைக்காரருக்கு அலுவலகத்தில் சுவர்முட்டி என்று பெயர். உலகம் அழிந்தபின் மிச்சமிருப்பவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் வீடியோ கேம் ஒன்றை நாங்கள் செய்கிறோம். முதல் பாகத்தில் ஒரே ஒரு சுரங்கப்பாதை. சுட்டுக்கொண்டே நேராகப் போனால் முடிந்துவிடும். இரண்டாம் பாகத்தில் முதலாளிக்கு மனசு விசாலமாகிவிட்டது. ஊர், காடு, கடற்கரை எல்லாவற்றையும் திறந்துவிட்டார். ஆடுபவர் இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகலாம்.

அப்படிச் சுற்றுகிறவர் எந்தச் சுவருக்குள்ளாவது புகுந்து உலகத்துக்கு வெளியே விழுந்துவிடக் கூடாதே! அதற்காக இவர் இரண்டு வருடம், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, கேமுக்குள் சுவர் சுவராகப் போய் முட்டினார். சோதனைக்காக எதிரிகளை வராதபடி அணைத்துவைத்திருந்ததால் அங்கே ஈ காக்கை கிடையாது. முட்டியது எது, முட்டாதது எது என்று குழம்பாமலிருக்க, முடித்த சுவரில் நெஞ்சுயரத்தில் ஒரு குண்டு சுட்டுவைப்பார்.

வயது நாற்பத்தாறு. இது ஆறாவது வேலை, இதுவும் தற்காலிகம்தான். கேம் வெளிவந்ததும் சீட்டு கிழியும். "இங்கயாவது நிலைச்சு நில்லுங்க" என்பதை அவர் மனைவி தினமும் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்துக் கொடுத்தனுப்புவார்.

கடைசி நாளில், தன் சோதனைப் பிரதியில் சேமிக்க வேண்டியதை, வெளியாக இருந்த மூலப் பிரதியில் சேமித்துவிட்டார். நாற்பதாயிரம் துளைகளோடு கேம் வெளியானது. முதலாளி கூப்பிட்டனுப்பினார். துணைக்கு நானும் போனேன்.

"யார் பண்ணது?"

"நான்தான் சார்."

"நீங்களே எடுத்துடுங்க. எத்தனை நாளாகும்?"

"ஒவ்வொண்ணா போகணும் சார். ஒன்றரை வருஷம்."

"சரி, அதுவரைக்கும் இருங்க. அப்புறம் நிரந்தரம் பண்றதைப் பத்திப் பேசலாம்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. சேதி கேட்ட அவர் மனைவி போனில் கத்தியது எனக்கே கேட்டது: "தப்பு பண்ணாதான் வேலை குடுப்பாங்களா? இது தெரியாம இத்தனை வருஷம் ஒழுங்கா இருந்துட்டீங்களே!"

இதற்குள் ஆடுகிறவர்களின் வெறும் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வீடு, ஒரே உயரத்தில் ஒற்றைக் குண்டு. யார் இவன்? எல்லாரும் செத்தபின் யாராவது மிச்சமா என்று தேடி, பார்த்த வீட்டிலெல்லாம் அடையாளம் வைத்துப் போனவன் என்று எழுதினார்கள். சுடுவதை விட்டுவிட்டு, துளைகளைத் தேடி நாள் கணக்கில் நடந்தார்கள். சிலர் அழுதார்களாம்.

"நான் யாரையும் தேடலைங்க, லிஸ்ட் குடுத்திருந்தாங்க" என்றார் சுவர்முட்டி.

அவர் ஆயிரம் துளைகளை அடைத்தபோது கூச்சல் கிளம்பியது. அவனை அழிக்காதீர்கள் என்று லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதலாளியே இருக்கை தேடி வந்து கைகுலுக்கினார்.

"எடுக்க வேணாம். அப்படியே இருக்கட்டும். எனக்கே கண் கலங்கிடுச்சு."

"அப்போ என் வேலை, சார்?"

"அதான் வேணாம்னு எல்லாரும் சொல்றாங்களே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவர்முட்டி சாப்பாட்டு டப்பாவை ஓரமாக நகர்த்திவைத்தார்.

"ஏற்கெனவே அடைச்ச ஆயிரத்தையும் திரும்ப சுடணுமே, சார்."

"ஆமால்ல! எத்தனை நாளாகும்?"

"ஆறு மாசம்."

பத்து நாள் வேலை. இரண்டு வருடத்தில் அந்த மனிதர் சொல்லி நான் கேட்ட முதல் பொய். முதலாளி என் பக்கம் திரும்பி, "அவ்வளவு ஆகுமா?" என்றார்.

"கூடவே ஆகும் சார்" என்றேன்.