கரவனெல்லையில் நான் இடித்த வேன்

நான்தான் இடித்திருப்பேன் என்று முதலில் நம்பினேன். கரவனெல்லையில் என் கார் ஒரு வேனின் பின்பக்கத்தை நசுக்கிவிட்டதாக அதன் சொந்தக்காரர் நட்டஈடு கேட்கிறார் என்று இன்சூரன்ஸ்காரர் போனில் சொன்னார். அவர் திகதியைச் சொல்லி முடிப்பதற்குள் “சமாவென்ன மாத்தயா” என்று சிங்களத்தில் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மனைவியிடம் திகதியைச் சொல்லி, என்னை மறியலில் போட்டால் உள்ளே கட்டிக்கொள்ள எந்தச் சாரத்தைக் கொண்டுபோவது என்று விசாரித்தேன்.

“ஏங்க, அந்த வாரம் நம்ம கார்ல இன்ஜினே இல்லீங்களே! மெக்கானிக் பாஸ் கழட்டிக்கிட்டுப் போயி கராஜ்ல வச்சிருந்தாரு. தள்ளிக்கிட்டே போயா இடிச்சீங்க?”

பாஸ் அதையே இன்சூரன்ஸ்காரரிடம் சொன்னார். அவர் வேன்காரரின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். வேனின் பெயின்ட் அந்த வீட்டு மதிலில் ஒட்டியிருந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது வேன்காரரே மோதியிருக்கிறார்.