மாடி வீட்டுக்காக நான் சொன்ன பொய்

என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருத்தி குளச்சலைச் சேர்ந்த முஸ்லிம். ஆறு வருடமாக இருவரும் ஒன்றாகத்தான் மதியம் சாப்பிட்டு வந்தோம். ஒருநாள், தினமும் பஸ்ஸில் வந்து போக முடியவில்லை, வடசேரி பக்கம் வீடு தேடுகிறோம் என்று சொல்லிவிட்டு, "ஏட்டி, உங்க மாடி காலியாத்தானே கெடக்கு? எங்களுக்குத் தருவியா?" என்று கேட்டாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "நல்ல ஆளுங்கதான். ஆனா நம்ம வீட்டுல மீன் வாடை சரிப்படாது. சொந்தக்காரங்களும் ஒரு மாதிரி பேசுவாங்க," என்றார். நான் வாதாடவில்லை. அதை அவரே சொல்லிவிட்டதில் எனக்கு உள்ளூர நிம்மதிதான். மறுநாள் அவளிடம், மாடியை உறவினர் ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னேன்.

"பரவால்லட்டி," என்றாள்.

அடுத்த மாதம் எங்கள் சாதிக் குடும்பம் ஒன்று மாடியில் குடிவந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே மீன் பொரித்தார்கள். கணவர் பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

திங்கட்கிழமை அவளிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். ஏழு வீடு பாத்தோம். ஏழுலயும் சொந்தக்காரங்க முந்திக்கிட்டாங்க. மத்தவங்க சொன்னப்போ சிரிச்சுட்டு வந்துட்டேன். நீ சொன்னப்போ வீட்டுக்குப் போய் அழுதேன்," என்றாள்.

பிறகு அவர்களுக்குக் கோட்டாறில் வீடு கிடைத்தது. இப்போதும் நாங்கள் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் ஒரு உதவியும் கேட்டதில்லை.