மூணாவது விசிலுக்கு அடுத்த வரி

புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக் கொடுப்பதும் ஒரு வேலைதான் என்று அடுத்தவரை நம்ப வைப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை. பிள்ளை தூங்குகிற நேரத்தில் மட்டும் கை ஓடுகிற, வீட்டிலிருந்தே ஏதோ ஒன்று பார்க்கிற அக்கா தங்கச்சிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் பிளஸ் டூ. நல்லூர் பக்கம் கிராமத்துப் பள்ளிக்கூடம். விருத்தாசலத்துக்கு வாக்கப்பட்டு வந்தேன். வீட்டுக்காரர் பீங்கான் கம்பெனியில் கப்புக்கு அச்சு வார்க்கிறார். நான் கண் தெரியாத ஒரு மேடத்துக்கு இங்கிலீஷ் புத்தகம் படித்து, போனில் பதிவு பண்ணிக் கொடுக்கிறேன்.

கல்லை மெல்லும் போன்

அமலா மேடம் எங்கள் தெருவில் கடைசி வீடு. காலேஜில் கெஸ்ட் லெக்சரர், பி.எச்டி. பண்ணிக்கொண்டிருந்தாங்க. புதுப் புத்தகமென்றால் அவங்க போனே படித்துச் சொல்லிவிடும். பழைய கவிதைப் புத்தகத்தைக் காட்டினால், பொடி எழுத்தில் தடுமாறி, கல்லை மென்று துப்புகிற மாதிரி படிக்கும். ஒருநாள் நான் என் மகள் நிலாவுக்கு ஒண்ணாங்கிளாஸ் இங்கிலீஷ் பாடத்தைக் கத்திக் கத்திப் படித்துக் காட்டியது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கிறது. நிலாவுக்கு அப்போது மூணு வயசு. கம்பைத் தட்டிக்கொண்டே வாசலுக்கு வந்துட்டாங்க.

"எனக்கு அர்த்தமெல்லாம் தெரியாதுங்க மேடம்" என்றேன்.

"அர்த்தம் என் வேலை. நீ எழுத்தை மட்டும் கொண்டாந்து குடு செல்வி. அர்த்தம் தெரிஞ்சவங்க படிச்சாதான், வேண்டாம்னு நெனைக்கிறதை விட்டுட்டுப் போயிடுறாங்க."

பசி நேரம்

மேடத்தின் ஆராய்ச்சி மொத்தமும் ஒரே ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லைப் பற்றி. மீதிங்க்ஸ். இப்போது யாரும் பேசுவதில்லை, பழைய கவிதையில்தான் கிடக்கிறது. நடந்து முடிந்ததைச் சொன்னால் மீதாட். அதுவும் அந்தக் கவிஞர்கள் கனவு கண்டதைச் சொல்ல வந்தால், முதலில் இந்த மீதாட்டை வாசற்படி மாதிரி போட்டுவிட்டு, அதில் கால் வைத்துத்தான் உள்ளே போவார்கள். அந்தப் பக்கம் காடு, வெள்ளைக் குதிரை, செத்துப்போன மனைவி, என்னென்னவோ இருக்கும். மதிய வெயிலில், பக்கத்து சூளையின் இரைச்சல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்க, நான் பாட்டுக்கு அடுத்தவர் கனவுகளைப் படித்துக்கொண்டே இருப்பேன்.

ஒருநாள் மேடம் கேட்டாங்க: "நான் நெனைக்கிறேன்னா ஐ திங்க். இதுல பாரு, ஐ இல்ல, மீ இருக்குது. ஏன்னு எங்க பசங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏற மாட்டேங்குது."

சோறு வேகாமல் வயிறு கூவிக்கொண்டிருந்த நேரம். "நாம எனக்குப் பசிக்குதுன்னு சொல்றோமே, அந்த மாதிரியாங்க மேடம்? நான் பசிக்கிறேன்னு சொல்றதில்லையே. அது பாட்டுக்கு வருது, நமக்கு வருது."

மேடம் அதை அப்படியே இன்னொரு தடவை சொல்லச் சொன்னாங்க. அப்புறம் சொன்னாங்க, அதில் வருகிற திங்க் நினைக்கிற திங்க்கே இல்லையாம். தோன்றுவது என்ற வேறொரு பழைய சொல்லாம். பின்னாளில் ரெண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு ஜனங்களைக் குழப்பிவிட்டதாம். எனக்குத் தோணுது, அவ்வளவுதான்.

"இதை மூணாவது அத்தியாயத்துல சேத்துடுறேன். நல்லவேளை, நீ சாப்பிடாம வந்தே."

வருங்காலம்

அந்தச் சொல்லுக்கு நிகழ்காலம் உண்டு, இறந்தகாலம் உண்டு, எதிர்காலம் கிடையாது. இனிமேல் எனக்குத் தோன்றும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாதாம். ராத்திரிச் சாப்பாட்டில் இதை வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். கூடவே மேடத்தின் நிலைமையையும் சொன்னேன். தீசிஸ் கொடுக்க ரெண்டு தடவை காலம் நீட்டித்தாகிவிட்டது, இதுதான் கடைசி. சித்திரை பிறக்கும் முன்னால் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. பட்டம் வந்தால்தான் நிரந்தர வேலைக்கு மனுப் போடவே முடியும்.

அவர் விரலிடுக்கில் காய்ந்திருந்த வெள்ளைக் களிமண்ணைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்: "எதிர்காலமே இல்லாத சொல்லை நம்பியா அந்தம்மா ஏழு வருஷமா குந்திக்கிட்டு இருக்குது?"

விசில் கணக்கு

மதியத்தில்தான் பதிவு. குக்கர் விசில், ஜங்ஷனில் ரயில் ஊதுவது, பழைய இரும்புக்காரரின் மைக், நிலா "அம்மா ஆய்" என்று கூப்பிடுவது எல்லாம் உள்ளே விழுந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் எழுந்து ஓடணும். திரும்பி வந்தால் எந்த வரியில் விட்டேன் என்று தெரியாது. அதனால் எழுந்திருக்கும் முன்னால் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். லைப்ரரி புத்தகமாச்சே, கூடாதுதான். கோலத்துக்குப் பழகின கை, கேட்காது.

சத்தத்துக்கு மேடத்திடம் மன்னிப்பு கேட்டேன். அவங்க சிரிச்சுட்டாங்க. வேண்டிய வரியைத் தேட அவங்களுக்கு அந்தச் சத்தம்தான் அடையாளமாம்.

"நீ அமைதியா படிச்ச அன்னைக்குத்தான் செல்வி எனக்கு வழி தெரியாம போச்சு. குதிரைக் கனவு மூணாவது விசிலுக்கு அடுத்த வரி. செத்துப்போன மனைவி, நிலா ஆய் போனதுக்கு அப்புறம்."

பதினேழு நிமிஷம்

ஒரு வெள்ளிக்கிழமை. மஞ்சள் பூசித் தலைக்குக் குளித்து, நிலாவைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மீதாட் என்று படித்ததுதான் தெரியும். புத்தகத்தின்மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டேன். மணிமுத்தா ஆற்றில் கரை கொள்ளாமல் தண்ணீர். சூளையில் சுட்ட வெள்ளைக் கப்புகள் அத்தனையும் ஒன்றோடொன்று இடிக்காமல் மிதந்து போகின்றன. பெரிய சாஸர் ஒன்றில் நிலா உட்கார்ந்து கையால் துடுப்புப் போடுகிறாள். முழிப்பு வந்ததும் அவசர அவசரமாக மிச்ச வரியைப் படித்து, கேட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மேடம் கூப்பிட்டாங்க. உள்ளே பதினேழு நிமிஷம் நான் மூச்சு விடுவது மட்டும் ஓடுகிறதாம். நடுவில் உளறலும் இருக்கிறதாம். எனக்கு உடம்பே கூசிப்போச்சு. "அழிச்சுடுங்க மேடம், கும்பிடுறேன்" என்றேன்.

"அழிக்கிறதா? ஏழு வருஷத்துல நான் நல்லாத் தூங்கினது நேத்துதான்."

யாரும் படிக்காத எண்

பங்குனிக் கடைசியில் இடி விழுந்தது. மேடத்தின் கைடு தீசிஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எடுத்துக்காட்டு ஒவ்வொன்றுக்கும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று இருக்கணுமாம். புத்தகத்தின் பெயர் இருந்தது. பக்கம் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் நான் ஒருநாளும் பக்க எண்ணை வாய்விட்டுப் படித்ததில்லை. மூலையில் கிடக்கிற எண்ணை யாராவது கவிதை நடுவில் படிப்பார்களா? நூற்றுச் சொச்சம் வரிகள். குண்டுப் புத்தகங்கள் நாலும் யுனிவர்சிட்டி லைப்ரரிக்குத் திரும்பிப் போய் மாசக்கணக்காகிறது. கையில் இருந்தது பத்து நாள்.

அர்த்தம் தெரியாதவள் எதையும் விட மாட்டாள் என்று நம்பித்தானே என்னிடம் வந்தாங்க. அவங்க வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன். மேடம் என் தலையைத் தடவித் தேடி, தோளில் கை வைத்தாங்க.

"நீ அழுறதைப் பதிவு பண்ணலையே செல்வி? பண்ணியிருந்தா இங்கேயும் ஒரு அடையாளம் இருந்திருக்கும்."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. புள்ளி! ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் எழுந்து போயிருக்கிறேன். எழுந்த இடத்திலெல்லாம் புள்ளி இருக்கும்.

புள்ளிக்காரி

பஸ்ஸில் ரெண்டு மணி நேரம். நிலாவை இடுப்பிலும் தயிர்சாதத்தைப் பையிலும் தூக்கிக்கொண்டு நாலு நாள் போனேன். காதில் இயர்போன். அந்தப் பக்கம் மேடம் வீட்டில் பதிவை ஓட்டி ஓட்டிச் சொல்வாங்க: "இந்தப் புத்தகத்துல நீ எழுந்து போறது இது பதினோராவது தடவை. திரும்பி வந்து நாலாவது வரி." நான் பதினோராவது புள்ளியைப் பிடித்து நாலு வரி இறங்கினால், மீதாட் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். பக்க எண்ணை இந்தத் தடவை வாய்விட்டுச் சொன்னேன்.

நாலாவது நாள் மாலை எல்லாம் கிடைத்தது, ஒன்றைத் தவிர. அதுதான் மேடத்தின் கடைசி அத்தியாயத்தைத் தாங்குகிற வரி. நான் தூங்கிப்போன வரி. தூங்குகிறவள் எங்கே புள்ளி வைப்பாள்? முன்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் நடுவில் நாற்பது பக்கம், எல்லாம் பொடி எழுத்து. லைப்ரரி மூட அரைமணி இருந்தது. படித்துத் தேட நேரமில்லை. சும்மா ஒவ்வொரு தாளாகத் திருப்பிக்கொண்டே போனேன். ஒரு பக்கத்தில் வட்டமாக, வெளிறிப்போய், மஞ்சள். என் கன்னம்! அந்த மஞ்சளுக்குள்ளேயே மீதாட் இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் லைப்ரரி அம்மா எழுந்து வந்தாங்க. புள்ளியைப் பார்த்தாங்க, மஞ்சளைப் பார்த்தாங்க, என் முகத்தைப் பார்த்தாங்க.

"புள்ளி வெச்ச புண்ணியவதி யாருன்னு எத்தனை நாளாத் தேடிக்கிட்டு இருக்கேன் தெரியுமா? மொதல்ல உன் வேலையை முடி, அப்புறம் உக்காந்து அத்தனையும் அழிச்சுட்டுப் போ."

ஓடட்டும்

தீசிஸ் தப்பித்தது. சில மாசம் கழித்து வைவா. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பதால் நான் கடைசி வரிசையில் நிலாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த பரீட்சைக்காரர் இங்கிலீஷில் நிறையக் கேட்டார். எனக்குப் பாதி புரிந்தது. கடைசியாக, செத்துப்போன சொல்லாச்சே, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை எப்படிப் புரிய வைப்பீர்கள் என்றார்.

மேடம் போனில் அந்த வெள்ளிக்கிழமைப் பதிவைத் தேடி எடுத்தாங்க. போனை மைக் பக்கத்தில் வைத்தாங்க. என் குரல் மீதாட் என்று படித்து நின்றது. அப்புறம் மூச்சு. தூரத்தில் ரயில். கூடம் முழுக்க என் தூக்கம் பரவியது. ஓடிவிடலாமென்றால் மடியில் பிள்ளை. மெதுவாக உளறல் வந்தது: "எனக்கு... கப்பு கப்பா மிதக்குற மாதிரி இருக்குது... எனக்கு நானும் மிதக்குற மாதிரி... நிலா, எட்டிப் பாக்காத, வுழுந்துடுவ..."

"இதுல எங்கேயாவது நான் கனவு காண்கிறேன்னு இருக்குதாங்க சார்? அவங்களுக்கு அது வருது. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி" என்றாங்க மேடம். யாரோ நிறுத்துவதற்காகப் போன் பக்கம் கையை நீட்டினார்கள்.

பரீட்சைக்காரர் கண்ணை மூடிக்கொண்டே தமிழில் சொன்னார்: "நிறுத்தாதீங்க. அந்தக் குழந்தை கரை சேர்ற வரைக்கும் ஓடட்டும்."

அன்றைக்கு மேடம் டாக்டர் ஆனாங்க. வேலை நேரத்தில் தூங்கியதற்காக ஒரு கூடம் நிறையக் கைத்தட்டு வாங்கிய அம்மா, எனக்குத் தெரிந்து, நம்மில் நான் ஒருத்திதான்.