ரகுலனின் காருக்கு நான்கு டயர்: லா சப்பலிலிருந்து லு திரேப்போர் வரை

சென்ற ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை நானும் கணவர் ரகுலனும் நாங்கள் குடியிருக்கும் லா சப்பலிலிருந்து, பிரெஞ்சு வடகடலோரத்து லு திரேப்போருக்குப் போய்வந்தோம். போக 180 கிலோமீற்றர், வர அதே அளவு. ரயிலிலும் போகலாம். நாங்கள் போனது ரகுலன் தன் கையால் பூட்டிய காரில். இதேபோன்ற கார் வைத்திருக்கும் இரண்டொருவர், "என்ன டயர் போட்டீர்கள்?" என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்கான பதில் இந்தப் பதிவு. டயரை மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும் என்பதால் மீதியையும் எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றி. இது ஒரு கிட் கார்; அதாவது உதிரிப் பாகங்களாக வாங்கி நாமே பூட்டி எடுக்கிற கார். இரண்டு இருக்கை, நீண்ட மூக்கு, கதவு இல்லை, மழைக்கு ஒரு துணிக்கூரை. மொத்த எடை 560 கிலோ. வீதியில் போகும் சாதாரணக் காரில் பாதிகூட இல்லை. ரகுலன் ரூ லூயி-பிளாங்க் என்ற தெருவில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார். யாரோ பிரித்துப்போட்டுக் கைவிட்ட இந்தக் காரை வாங்கி, புறநகர்ப் பொபினியில் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து ஆறு வருடத்தில் முடித்தார். நான் அலுவலக வேலைக்காரி. ஸ்பானர் பிடித்துக் கொடுத்ததோடு என் பங்கு சரி.

கார் முடியும் தறுவாயில் அவருடைய கண் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. கண் அழுத்த நோய். நேரே பார்ப்பது அவருக்கு இன்றைக்கும் தெளிவாகத் தெரியும். கடையில் ஊசிமுனை அளவுத் திருகாணியைக் கழற்றுவார். ஆனால் இரண்டு ஓரமும், மேலும் கீழும், குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் சுருங்கிவிட்டன. கொந்த்ரோல் தெக்னிக் என்னும் கட்டாயச் சோதனையில் கார் தேறிய அதே வசந்தகாலத்தில், இனி வாகனம் ஓட்டக் கூடாது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார்.

ரகுலன் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "உம்மட்டைக் கார் ஓடுற பெர்மி இருக்குத்தானே. நீர் ஓடும். நான் பக்கத்திலை இருக்கிறன்."

அவர் அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு காலை முதன்முதலாக ஓட்டினேன். சிறு தூறல். காரில் இருந்தவை அவர் முதல் வருடமே ஆசைப்பட்டு வாங்கி, கராஜின் மேல்தட்டில் அடுக்கிவைத்திருந்த டயர்கள். (வீட்டில் ரயர் என்றுதான் சொல்லுவோம்.) பந்தயத் தடத்துக்கென்று செய்து, வீதியில் ஓடவும் அனுமதி பெற்ற வகை. தண்ணீர் வடிகிற பள்ளக்கோடுகள் மிகக் குறைவு. வெயிலில் நன்றாகச் சூடானால் தாரில் ஒட்டிப் பிடிக்குமாம். பொபினியில் ஒரு சுற்றுச்சந்தியில், முப்பது வேகத்துக்கு மேல் போகாமல், வெளியேறும் வழிக்குத் திருப்பினேன். காரின் பின்பக்கம் என் கையை மீறிச் சறுக்கியது. அரைச் சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி நின்றோம்.

"என்ன நடந்தது?" என்றார் பக்கத்தில் இருந்த ரகுலன்.

"முன்னாலை பஸ் ஒண்டு நிக்குது."

"எங்கை?"

"நேரை பாருங்கோ. கொஞ்சம் மேலை."

தலையை நிமிர்த்தினார். காரின் மூக்குக்கும் பஸ்ஸுக்கும் இடையில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான். பஸ் ஓட்டிய பெண் மழையில் இறங்கி வந்து, ஒன்றும் ஆகவில்லையே என்று பிரெஞ்சில் கேட்டு, என் தோளில் கை வைத்தார். ரகுலன்தான் நன்றி சொன்னார்.

கராஜுக்குத் திரும்பியதும் சொன்னேன். "இந்த ரயரோடை நான் இனி ஓடமாட்டன்."

"சூடாக்கினால் பிடிக்கும். நீர் சூடாக்கேல்லை."

"சூடாக்கிற மாதிரி எனக்கு ஓடத் தெரியாதப்பா. மழையிலை எப்பிடிச் சூடாக்கிறது?"

காரை மூடும் துணியை எடுத்து விரித்தார். "அது எனக்கெண்டு வாங்கினது," என்றார். அடுத்த வாரங்களில் கார் துணியால் மூடிக் கிடந்தது. கடைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பொபினிக்குப் போகவில்லை. அந்த நாள்களில் வீட்டில் இருந்த அமைதி எனக்குச் சறுக்கலைவிடப் பயமாக இருந்தது.

ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு காலை அவராகவே எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். "வாரும், ரயர் பாப்பம்."

லா சப்பலில் மெட்ரோ ஏறி, ஸ்தாலின்கிராதில் ஐந்தாம் லைனுக்கு மாறினால் பொபினி. அங்கே டயர்க்கடை வைத்திருப்பவர் தயாபரன், எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். காரின் அளவைக் கேட்டதும் கடையிலேயே விலை கூடிய டயரைக் காட்டினார்.

"இதுதான் அண்ணை திறம். பெரிய ஸ்போர்ட்ஸ் காருக்கெல்லாம் இதைத்தான் போடுறவை."

நான் அதற்குள் இரவல் அறிவு கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தேன். பெரிய காருக்கான டயரின் பக்கச்சுவர் ஒன்றரைத் தொன் பாரத்தைத் தாங்கும்படி விறைப்பாக இருக்கும். எங்கள் காருக்கு அந்தப் பாரம் இல்லை. டயர் நெளியாது, நெளியாவிட்டால் சூடேறாது, சூடேறாவிட்டால் பிடிக்காது. அகலம் கூடினால் பிடிப்புக் கூடும் என்பதும் ஈரத்தில் சரிவராது. பாரமில்லாத கார் அகலமான டயரில் தண்ணீருக்குமேல் மிதக்கத் தொடங்கிவிடும். இதைச் சொன்னபோது தயாபரன் யோசித்தார்.

"அக்கா சொல்லுறதும் சரிதான். ஆனா காய்ஞ்ச றோட்டிலை இது தனி. கார் ஆர் ஓடுறது?"

ரகுலன் சுவரில் அடுக்கியிருந்த டயர்களில் ஒன்றின் பள்ளத்துக்குள் பெருவிரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை எடுக்காமலே சொன்னார்: "இவதான் ஓடுறவ. மழையிலையும் ஓடுவா. அதுக்கு ஏத்ததைத் தாரும் தம்பி."

கடைசியில் எடுத்தது நடுத்தர விலையில், பாரம் குறைந்த சிறிய காருக்கான, வேகமாக ஓடவும் ஏற்ற வீதி டயர். அளவு 195/50 R15, காரின் பத்திரத்தில் உள்ள அதே அளவு. பக்கச்சுவர் மென்மையானது, ஈரப் பிடிப்புக்கு லேபிளில் A, அதாவது முதல் தரம். ஒன்று 92 யூரோ, பூட்டிச் சமன்செய்ய ஒவ்வொன்றுக்கும் 18. நான்குக்கும் 440 யூரோ. மறுவாரம் அவற்றுடன் வெயிலில் இருநூறு கிலோமீற்றர் மெதுவாக ஓடினோம். புது டயரின் மேற்பூச்சு போகும்வரை வழுக்கும்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை காலை ஏழரைக்குப் பொபினியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு ரூ லூயி-பிளாங்குக்கு வந்தோம். தேத்தண்ணியும் இரண்டு மரக்கறி ரோல்ஸும். கடை திறக்க வந்தவர்கள் காரைச் சுற்றி நின்று, "அண்ணை, உந்தக் காரை நீங்களே செய்தனீங்கள்?" என்று கேட்டார்கள். "ஓம்," என்றார். நான் வலப்புறம் போகாமல், இங்கே ஓட்டுநர் பக்கமான இடப்புறம் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

எட்டரைக்குப் புறப்பட்டு, சேன்-தெனி தாண்டி, நெடுஞ்சாலையைத் தவிர்த்துப் பழைய பொவே வீதியில் போனோம். நெடுஞ்சாலையில் லொறிகளின் சக்கரம் உங்கள் தலை உயரத்துக்கு இருக்கும். இந்தக் காருக்கு அது வேண்டாம். பத்தேகாலுக்குப் பொவே. பெற்றோல் அடித்து, கோப்பி குடித்தோம். அங்கிருந்து வடக்கே வெட்டவெளி வயல்கள். மழை பிடித்துக்கொண்டது. ரகுலன் கூரையை இழுத்துப் பூட்டினார்.

இந்தப் பக்கம் ஒக்டோபரில், சீனி காய்ச்சுகிற சீனிக்கிழங்கு அறுவடை. ரக்டர்கள் (உழவு இயந்திரங்கள்) வயல்சேற்றைத் தார் வீதிக்கு இழுத்துவரும். மழையும் சேர்ந்தால் எண்ணெய் பூசியது மாதிரி. ஓமாலுக்குச் சற்று முன்னால் ஒரு இறக்கத்தில், இடப்பக்க வயலிலிருந்து கிழங்கு ஏற்றிய ரக்டர் ஒன்று என்னைப் பார்க்காமல் வீதிக்கு ஏறியது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் தானியங்கிக் கருவி எதுவும் காரில் கிடையாது. கால் சொல்வதைத்தான் சக்கரம் கேட்கும். அமத்தினேன். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவது பாதத்தில் தெரிந்தது. கொஞ்சம் விட்டேன், மறுபடி அமத்தினேன். கார் ஒரு பக்கமும் இழுக்காமல் நேராகப் போய், ரக்டரின் பெரிய சக்கரத்துக்கு முன் நின்றது. ஓட்டியவர் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டார். ரகுலன் என் முழங்காலில் கையை வைத்தார். நான் மறுபடி கியரைப் போடும்வரை எடுக்கவில்லை.

ஒன்றேகாலுக்கு லு திரேப்போர். சுண்ணாம்பு மலைமுகடு கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கிறது. கீழே மணல் இல்லை, முழுக்கக் கூழாங்கல். மேலே ஏற இலவச மலைரயில் உண்டு. மழை விட்டிருந்தது. முகட்டில் காற்று ஆளைத் தள்ளியது. ரகுலன் கடலை நேராகப் பார்த்தபடி நின்றார். கடல் பெரிதாக இருப்பதால் அவருடைய குழாய்க்குள்ளும் கொஞ்சம் அகப்படும்.

"நான் அந்த ரக்டரைக் காணேல்லை," என்றார்.

"தெரியும்."

"நீர் நிப்பாட்டினாப் பிறகுதான் கண்டன். கார் நேரை போய் நிண்டது மட்டும் இருக்கையின்ரை அசைவிலை விளங்கினது." கோட்டின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டு, "நான் ஓடியிருந்தா ரெண்டு பேரும் இண்டைக்கு இல்லை," என்றார்.

பிறகு அழுதார். ஆறு மாதம் வைத்திருந்ததை அந்த முகட்டில் நின்று அழுது தீர்த்தார். நான் தேற்றவில்லை. பக்கத்தில் நின்றேன். வெயில் எட்டிப் பார்த்தபோது கீழே இறங்கி, துறைமுகத்தில் இரண்டு தட்டு மட்டிச்சிப்பியும் உருளைக்கிழங்குப் பொரியலும் 34 யூரோவுக்குச் சாப்பிட்டோம். அவர் என்னுடைய தட்டிலிருந்தும் எடுத்துச் சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டு நாளாகியிருந்தது.

இனி, இதேபோல் போக நினைப்பவர்களுக்கு. டயரை வாங்குமுன் காரின் உண்மையான எடையைத் தராசில் ஏற்றிப் பாருங்கள். கடைக்காரரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு செய்த வாரம், அடுத்த இரண்டு செய்த வருடம். வருடக்கணக்கில் தட்டில் கிடந்த டயர், பள்ளம் புதிதாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து பாருங்கள். சாதாரணக் காருக்கு அடிக்கும் அளவு இதற்கு மிக அதிகம்; எங்களுக்கு 1.3 பார் அழுத்தத்தில் சரிவந்தது, உங்களுக்கு வேறாக இருக்கலாம். பந்தய டயர் கெட்டதல்ல. தடத்தில் ஓடுபவர் அதைப் போடட்டும். மழையில் வீடு திரும்ப வேண்டியவர், மழைக்கு வாங்கட்டும். ஒக்டோபரில் போனால் வயலோரம் சேறு என்று எழுதிய பலகைகளை நம்புங்கள்.

மறு ஞாயிறு ரகுலன் என்னைக் கேட்காமலே பொபினிக்குப் போயிருந்தார். மத்தியானம் சாப்பாட்டுடன் நான் போனபோது ஓட்டுநர் இருக்கை கழற்றிக் கிடந்தது. அவருடைய நீண்ட காலுக்கு அளந்து பூட்டிய இருக்கை அது. நான் அதுவரை முதுகுக்குத் தலையணை கொடுத்துத்தான் ஓட்டினேன். அவர் நிலத்தில் படுத்திருந்து, தரைத்தகட்டில் புதிதாகத் துளை போட்டு, இருக்கையை நான்கு விரல் முன்னுக்குத் தள்ளிப் பூட்டினார். பழைய துளைகளை அடைத்தார்.

"இருந்து கிளச்சை அமத்தும்," என்றார்.

இருந்தேன். அமத்தினேன்.

"எட்டுதோ?"

"ஓம்," என்றேன். "எட்டுது."