ரஜனிக்கு மட்டும் விழுந்த கோடு

ஹொப் என்பது பியருக்குக் கசப்பைத் தரும் கொடி; அதன் இலைக்குள் பூஞ்சணம் ஒளிந்திருக்கிறதா என்று துப்புத் துலக்குவதுதான் தொண்ணூறுகளின் கடைசியில் ரொறன்ரோவில் எனக்குச் சோறு போட்ட தொழில். இலையை அரைத்து, டி.என்.ஏ.யைப் பிரித்து, மெசினில் பெருக்கி, ஜெல் என்ற கூழ்த்தகட்டில் ஓடவிடுவோம். நோய் இருந்தால் ஒரு கோடு தெரியும். பக்கத்து மேசைக்காரருக்கு எல்லாம் சரிவந்து உங்களுக்கு மட்டும் பிழைத்துப்போயிருக்கிறதா? அப்படியென்றால் நீங்களும் என் கட்சி.

சுவரில் ஒரு படம்

ஆய்வுகூடத்தில் ரெக்னீசியன்கள் நானும் ரஜனியும் மட்டும்தான். இருவரும் தற்காலிகம். நிரந்தர வேலை ஒன்றுதான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் எனக்குப் பிறகு வந்தவள். துளி அளந்து ஊற்றும் பைப்பெற்றைப் பிடிக்கக் காட்டிக் கொடுத்ததே நான். ஒரே நோயிலையைத்தான் இருவரும் அரைத்தோம். அவளுக்குப் பளிச்சென்று கோடு, எனக்கு வெறும் ஜெல். பொறுப்பாளர் ஹெலன் அவளுடையதைப் படமெடுத்து என் கையில் கொடுத்தார்.

“சுவரில் ஒட்டு. மற்ற ரெக்னீசியன்களும் பார்த்துப் பழகட்டும்.”

வீட்டிலும் அதே கதை

மோர்னிங்சைட்டில் பஸ்ஸால் இறங்கும்போதே புறுபுறுத்துக்கொண்டுதான் இறங்குவேன். குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதைதான் ரஜனியின் கதை என்று சோறு போடும்போதும் சொன்னேன், கை கழுவும்போதும் சொன்னேன். மனைவி கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

“விடிஞ்சாப் பொழுதுபட்டா ரஜனி, ரஜனி. ஞாயமாப் பாத்தா எனக்கெல்லோ பொறாமை வரோணும்?”

ஒரு தோட்டக்காரர்

மேற்குக் கரைத் தோட்டக்காரர் ஒருவர் பார்வைக்கு நோயே இல்லாத, பச்சைப் பசேலென்ற இலைகளை அனுப்பியிருந்தார். என் ஜெல்லில் ஒன்றுமில்லை. அவளுடையதில் கோடு. கடைசியில் அவளும் பிழைவிட்டாள் என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோசம். அவள் குழாயில் ஏதோ கலந்துவிட்டது என்று ஹெலனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ரஜனி திரும்பச் செய்தாள். வெறும் தண்ணீர் விட்ட இடத்தில் கோடில்லை, இலை விட்ட இடத்தில் இருந்தது; ஒன்றும் கலந்திருக்கவில்லை. அடுத்த கிழமை தோட்டத்தில் இலைகளின் அடிப்பக்கம் சாம்பல் பூத்துவிட்டதாம். தோட்டக்காரரின் போனை எடுத்தவன் நான்.

“நோயைக் கண்டுபிடித்தவருக்கு நன்றி சொல்லுங்கள். மற்றவரிடம் இனி என் இலையைக் கொடுக்காதீர்கள்.”

நிரந்தரம்

வேலை அவளுக்குத்தான் போனது. எனக்கு மாத முடிவோடு சரி. மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, அப்படி என்னதான் கைராசி உனக்கு என்று கேட்டே விட்டேன். அவள் கையுறையைக் கழற்றினாள்.

“கைராசி ஒண்டுமில்லை அண்ணை. நீங்கள் என்ர மேசையைப் பாத்துக்கொண்டு உங்கட குழாயில ஊத்துறியள். ஒரு குழாயில மருந்து ரெண்டு தரம் விழுது, மற்றதில விழுறதேயில்லை.”

அவளை வாழ்த்தி வாங்கிய கேக்கை எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தவன் நான்தான், அவளுடைய துண்டு மட்டும் ஏனோ சின்னதாகப் போய்விட்டது.