மழையில்தான் வீடு பார்ப்பேன்

நாளை அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்த வீட்டை இன்று மறுபடியும் பார்க்கக் கிளம்பினேன். எங்களுடைய முதல் சொந்த வீடு. போன தடவை பார்த்தது நல்ல வெயிலில். இது ஐப்பசி.

புரோக்கர் போனிலேயே தடுத்தார். "மழை விடட்டும் மேடம், பொறுமையா பாக்கலாம்."

"மழையிலதாங்க பாக்கணும். எங்கப்பா வயலைக் குத்தகைக்கு எடுத்தாலே, தண்ணி எப்படி வடியுதுன்னு பாத்துட்டுத்தான் எடுப்பாரு."

நன்னிலம் ரோட்டில், அந்த வீடு இருக்கும் நகருக்குள் திரும்பும் இடத்தில் பைக்குகள் வரிசையாக நனைந்துகொண்டு நின்றன. ஏன் என்று பெட்டிக்கடை அக்காவிடம் கேட்டேன்.

"உள்ள முழங்கால் தண்ணிம்மா. மழை முடியிற வரைக்கும் வண்டியை இங்க விட்டுட்டு நடந்துதான் போவாங்க."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் நடந்தேன். வீட்டு வாசற்படியைத் தண்ணீரில் காணவில்லை. சுற்றிப் போய்ப் பார்த்தால், பின்னால் இருந்த வடிகாலைத் தூர்த்துத்தான் மனை போட்டிருக்கிறார்கள்.

குடையோடு வந்து சேர்ந்த புரோக்கர், "ரெண்டு நாள்ல வடிஞ்சுடும் மேடம்" என்றார்.

"எந்தப் பக்கமா வடியும்? கையைக் காட்டுங்க."

குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். எந்தக் கையும் நீளவில்லை.

அட்வான்ஸ் என்னிடமே பத்திரமாக இருக்கிறது. இந்த வருடம் வீடு வாங்காமல் விடப்போவதில்லை. நன்னிலம் பக்கம் விற்பவர்கள் யாராவது இருந்தால் வாசலைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

இன்றைக்கே எடுத்த படமாக இருக்கட்டும்.