பதினோரு இடத்தில் ஒட்டாத படகு

பழங்காநத்தத்தில் அத்தையும் மாமாவும் ஃபைபர் பட்டறை வைத்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி மூடியும் நாற்காலியும் செய்துகொண்டிருந்தவர்களுக்கு, நான் அவர்கள் வீட்டில் தங்கி ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒரு படகு ஆர்டர் வந்தது. கொடுத்தவர் மலைப்பக்கம் ஏரியில் படகு விடுகிறவர். மதுரையில் படகா என்று தெருவே சிரித்தது.

அடிப்பாதி தனி, மேல்பாதி தனி. இரண்டையும் சேர்த்து வரிசையாக ஸ்குரூ அடிக்க வேண்டும் என்றார் மாமா. படகுக்காரரும் அதையே சொன்னார். அத்தை மசியவில்லை.

"ஓட்டை போட்டா அங்கதேன் தண்ணி ஏறும்ண்ணே. பசையே தாங்கும். நான் பொறுப்பு."

அத்தை பசை கலக்குவதைப் பார்க்க வேண்டுமே! வெயிலைப் பார்த்து, ரெசின் பசையில் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கூட்டுவாள், குறைப்பாள். ஒட்டும் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பிசுக்குப் போக அசிட்டோனில் துடைத்தபின், எண்ணெய் பட்டால் பசை பிடிக்காதென்று தன் விரலைக்கூட அங்கே வைக்க மாட்டாள். அந்தப் பட்டறையில் அவளுக்கு நிகர் யாருமில்லை.

ஒட்டுகிற நாள் ஆயுத பூஜைக்கு மறுநாளாக அமைந்தது. விளிம்பைத் துடைத்துவிட்டு அத்தை பசை கலக்கப் போனாள். ஏணி முதல் வாளி வரை எல்லாவற்றிலும் பொட்டு இருக்க, படகுக்கு மட்டும் இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு, மீந்த சந்தனத்தைக் குழைத்து விளிம்பில் சாணுக்கு ஒன்றாகப் பதினோரு பொட்டு வைத்தேன். காலடிச் சத்தம் கேட்டதும் பயந்துபோய்ப் பாவாடையால் துடைத்துவிட்டேன்.

ஒட்டியாயிற்று. அடுத்த நாள் அத்தை ஒரு ரூபாய்க் காசால் விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே வந்தாள். நன்றாக ஒட்டிய இடம் டிங்கென்றது. ஒட்டாத இடம் டொக்கென்றது. டொக்கென்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டாள். பதினோரு வட்டம். வட்டங்களின் இடைவெளியைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, என் கையை விரித்து வட்டத்துக்கு வட்டம் வைத்துப் பார்த்தாள். என் பொட்டு தெரிந்துவிட்டதென்றே நினைத்தேன். அவளோ கையை விட்டுவிட்டு, போய் விளையாடச் சொன்னாள்.

சாயங்காலம் படகுக்காரர் வந்து, "என்னம்மா இது, அம்மை போட்ட மாதிரி?" என்றார்.

"என் தப்புதேண்ணே. விளிம்பத் துடைக்க மறந்துட்டேன்."

"அதேன் அப்பவே சொன்னேன். ஸ்குரூ அடிச்சிருங்க."

மாமா அத்தையை உற்றுப் பார்த்தார். அவள் சரியென்று தலையாட்டினாள். ஒட்டிய இடத்தை அறுத்துப் பிரித்து, மறுபடி தேய்த்து ஒட்டினாள். அதன்பின் மாமா அடித்த ஒவ்வொரு ஸ்குரூவின் ஓட்டையையும் அவளே பசை வைத்து அடைத்தாள்.

எனக்கோ ஒரே நிம்மதி. என் பொட்டால் எதுவும் ஆகவில்லை, அத்தைதான் மறந்திருக்கிறாள்! ராத்திரி சாப்பிடும்போது கேட்டே விட்டேன்.

"இம்புட்டுத் தெரிஞ்சும் துடைக்கவா மறந்தீங்க அத்தே?"

"ஆமாடி, மறந்துட்டேன்" என்று என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். அத்தைக்கும் மறதி வருமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த தடவை ஞாபகமாகத் துடைக்கும்படி அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே அதையும் சாப்பிட்டேன்.